காவாந்தண்டலத்து வில்லன்

போன வாரம் பத்திரிகைக்குப் படம் வரைகிற உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். ஏதோ ஒரு தொடருக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறாராம். பாதிக்கு மேல் வந்த பிறகு ஒரு பாத்திரத்தின் முகம் அவருக்கே பிடிக்காமல் போய்விட்டது. இப்போது மாற்றலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பாலை இறக்கிய பிறகுதான், அப்படி ஒற்றை வார்த்தையில் முடிக்கிற விஷயமா இது என்று தோன்றியது. அதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் வாரக்கணக்கில் முழித்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். தூரிகை, மை, கணினி எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இது வேறு சங்கதி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உத்திரமேரூரில் இருந்தபடியே சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கதைப் படங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். கதையின் ஜெராக்ஸ் தபாலில் வரும். படித்து, வரைந்து, மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டி, பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். பெரும்பாலும் சிறுகதைகள்தான். ஒரு தொடர்கதைக்குப் படம் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாராவாரம் அதே மனிதர்களை வரையலாம். அவர்கள் கூடவே வாழலாம்.

அந்த வாய்ப்பு வேதாசலம் மூலமாக வந்தது. தென்னேரியில் விதைக்கடை, உரக்கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தே கதை எழுதுவார். யாராவது வந்து யூரியா கேட்டால் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். தன் வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கு யூரியாதான் காரணம் என்று சொல்வார். அவருடைய தொடர்கதை தேர்வானதும், எழுதுகிறவரும் அந்தப் பக்கம், வரைகிறவளும் அந்தப் பக்கம், ஏரியும் வயலும் சரியாக வரும் என்று பத்திரிகையில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கதை இதுதான். மாசிலாமணி என்று ஒரு அரிசி மில் முதலாளி. ஏரித் தண்ணீரைக் கடைமடை வரைக்கும் போகவிடாமல் தன் நிலத்துக்கே திருப்பிக்கொள்கிறவன். அவனை எதிர்த்து நிற்கிற ஓர் இளைஞன். மாசிலாமணியின் தோற்றத்தைப் பற்றி வேதாசலம் எழுதியிருந்தது ஒரே வரி. பார்த்தால் மறக்க முடியாத முகம். அவ்வளவுதான். யாரோ யூரியா கேட்டிருக்க வேண்டும்.

பென்சிலை எடுத்தேன். நடுவில் வந்து முட்டிக்கொள்ளும் புருவம், அகன்ற மூக்கு, காதோரம் புதராக முடி, எதையோ கடித்துத் துப்பப் போகிற மாதிரி ஒரு வாய். முதல் தடவையே அப்படியே வந்துவிட்டது. அழிக்கவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. ஒரு முகம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது தெரியாது.

மூன்றாவது வாரம் காதர் பாய் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்திரிகைக் கடையும் எஸ்.டி.டி. பூத்தும் சேர்த்து நடத்தியவர். என்னைப் பார்த்ததும் மற்ற ஆட்களை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னா தங்கச்சி, காவாந்தண்டலம் மில்லுக்காரரு மேல உனுக்கு இன்னா கோவம்?"

எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து மாசிலாமணியின் மேல் விரலை வைத்தார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், புழுங்கல் நெல் மூட்டையோடு காவாந்தண்டலத்தில் ஏகாம்பரத்தின் மில்லில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். அந்த மனிதர் வாசலில் நின்றுகொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அவரை அதோடு மறந்துவிட்டேன். என் கை மறக்கவில்லை.

அவர் பார்த்துவிட்டாரா என்று பயந்துகொண்டே கேட்டேன். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தாராவது, வாராவாரம் வந்து கைநிறைய புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறாராம். மில்லுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பிரித்துக் காட்டுகிறாராம். ஏகாம்பரம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். தலைப்பு படிப்பார், படத்துக்குக் கீழே இருக்கிற வரி படிப்பார். தொடர்கதை படிக்கிற பொறுமை கிடையாது. படத்தில் எல்லா வாரமும் தான்தான் பெரிதாக நிற்கிறோம், மற்றவர்கள் எல்லாம் சின்னதாகப் பின்னால் நிற்கிறார்கள். ஆகவே கதாநாயகன் தான்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டுவிட்டார். ஊர் முழுக்க மாசிலாமணி யார் என்று தெரியும். அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த வாரம் ஒரு மாட்டுவண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. ஏகாம்பரம் புது அரிசி அனுப்பியிருந்தார், படம் போடுகிற பெண்ணுக்கு என்று. அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது. நல்ல அரிசி. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பாய் கடை பூத்திலிருந்து பத்திரிகைக்குப் போன் போட்டேன். அங்கே படங்களைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. விஷயத்தைச் சொல்லி, மீசை கீசை வைத்து முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் பேசுவார்.

"முகம் மொத வாரம் வரைக்கும்தான் உன்னோடதும்மா. அச்சுல வந்துட்டா படிக்கிறவங்களோடது. மாத்தினா, யாரோ புது ஆள் வந்துட்டான்னு தேடுவாங்க. அந்த மனுஷனுக்கு மனசு கஷ்டப்படும்னு பயந்தா படத்த மாத்தாத. நேரா போய் ஆளப் பாரு."

சரி என்றேன். போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர்தான் சந்தோஷமாக இருக்கிறாரே, நான் எதற்குப் போய்க் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் தள்ளிப்போடுகிற எந்த விஷயமும் சின்னதாவதில்லை.

கடைசி அத்தியாயத்தின் ஜெராக்ஸ் வந்தது. நல்ல மழை. ஏரி நிரம்பி நிற்கிறது. மதகை மூடப் போன மாசிலாமணி கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகிறான். உடலைக் கரையில் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். மனைவி மேலே விழுந்து அழுகிறாள். முழுப்பக்கப் படம் வேண்டும், நடுவில் உடல் வரட்டும் என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது.

படித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனால், காதர் பாய் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார். ஏகாம்பரத்தின் மகளுக்குக் கல்யாணம். உத்திரமேரூர் மண்டபத்தில்தான். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கல்யாணத்தன்று வெளிவருகிற இதழில் ஒரு கட்டு வேண்டும் என்று ஏகாம்பரம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தாம்பூலப் பையில் தேங்காய் வெற்றிலையோடு ஆளுக்கொன்று போடப்போகிறாராம், சம்பந்தி வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்று.

அது எந்த இதழ் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர் தன் பிணத்தையே மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கப்போகிறார். வரைந்து கொடுக்கப்போகிறவள் நான்.

பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போனேன். வேதாசலம் என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்து, முழுவதையும் கேட்டார். சிரித்தார். பிறகு முடியாது என்றார். சாகடிக்க வேண்டாம், திருந்திவிடுகிற மாதிரி எழுதுங்கள் என்று கெஞ்சினேன்.

"கடைமடக்காரன் வயித்துல அடிச்சவன் அவன். தண்ணிய மறிச்சவன் தண்ணியில தான் போவணும். ஆரம்பிக்கிறப்பவே இந்த முடிவுக்காகத் தான் ஆரம்பிச்சேன்" என்றார். "மொகத்தப் போட்டது நீங்க. சாவப் போட்டது நான். அவங்கவங்க பங்க அவங்கவங்க பாத்துக்குவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது நியாயமும்கூட. ஒரு படத்துக்காகக் கதையின் முதுகெலும்பை ஒடிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதே பஸ்ஸில் திரும்பாமல், மாறி மாறி ஏறி காவாந்தண்டலத்தில் போய் இறங்கினேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. தேய்த்த சட்டை போட்டிருந்தார். உள்ளே குரல் கொடுத்து மனைவி தெய்வானையைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நான் மெதுவாக ஆரம்பித்தேன். மில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். பக்குவமாகப் பேசலாம் என்று பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீண். கடைசியில் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"அந்தக் கதையில நீங்கதாங்க வில்லன்!"

கத்திக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. பெல்ட் நின்றது. 'வில்லன்' மட்டும் தனியாக மில் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தவிடு அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் அவசரமாக மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சின்னப் பையனைப் போல ஆகிவிட்டார்.

"நான் அப்பிடியா கீறேன்?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த முகத்தை மாசிலாமணிக்குக் கொடுத்தது நான்தானே. மறக்க முடியாத முகம் என்று வேதாசலம் எழுதியிருந்தார், என் கைக்கு மறக்காமல் இருந்தது உங்கள் முகம்தான், ஒரே ஒருநாள் பார்த்தது என்று உள்ளதைச் சொன்னேன். கெட்டவனைத் தேடி உங்களிடம் வரவில்லை, முகத்தைத் தேடி வந்தேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நம்பினாரா தெரியவில்லை.

பேசியது தெய்வானையம்மாள்தான்.

"நான் மொத வாரத்துலேந்தே படிச்சிக்கினு தான் கீறேன். புக்குல படம் வருதுன்னு ஆனதுலேந்து சட்டையத் தேச்சிப் போட்டுக்கினு போறாரு. ஆளுங்கள வாடா போடான்றது இல்ல. நல்லாத் தான கீதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

மூட்டைக்குப் பின்னாலிருந்து மறுபடி சிரிப்பு. ஏகாம்பரம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பாரா என்று பார்த்தேன். அவர் வாய்க்கோடியில் ஏதோ அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, கடைசியில் மாசிலாமணிக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். சொன்னேன். எந்த இதழில் வருகிறது என்பதையும் சொன்னேன்.

தெய்வானையம்மாள் முகம் மாறிவிட்டது. காபி தம்ளரை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமலே நிமிர்ந்தார்.

"எவ்ளோ கெட்டவனா வேணாலும் இருந்துட்டுப் போவட்டும்மா. கல்யாண வாரத்துல எம் பொண்ணு கண்ணுக்கு அவுங்க நைனா பொணமா மட்டும் தெரியக் கூடாது."

இதற்கு நான் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்? எழுதியவர் மாற்றமாட்டார். பத்திரிகை முழுப்பக்கம் ஒதுக்கிவிட்டது. முகத்தை மாற்றக் கூடாது. யோசிப்பதற்கு அங்கே நேரமில்லை, அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் படத்தில் உங்கள் வீட்டுக்காரர் முகம் இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. வாக்கு முதலில் வந்தது, வழி பிறகு வந்தது. எப்போதும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சில சமயம் வாக்கு கொடுத்தால்தான் மூளை வேலை செய்கிறது.

வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தேன். உடலைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். முதுகிலும் ஏகாம்பரம்தான் தெரிந்தார். வேட்டியைப் போர்த்திப் பார்த்தேன். அது இன்னும் மோசம், போர்த்தினால் உறுதியாகவே பிணம். தூரத்தில் சின்னதாக வைத்துப் பார்த்தேன். முழுப்பக்கம் வெறிச்சென்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தெருவில் ஒரே இரைச்சல். எதிர்வீட்டுக் கிணற்றடியில் பாம்பு. நான் எங்கள் வாசலிலிருந்தே பார்த்தேன். கிணற்றடி எனக்குத் தெரியவில்லை, துவைக்கிற கல் மறைத்தது. சுற்றி நின்ற முகங்கள்தான் தெரிந்தன. ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கையில் கம்பு இருந்தது, கால் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில். பாம்பு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் ஊர்கிறது, எப்போது தலையைத் தூக்குகிறது என்பதெல்லாம் எனக்கு அவர்களைப் பார்த்தே தெரிந்தது. பாம்பை நான் பார்க்கவே இல்லை.

உள்ளே ஓடினேன். ஏரிக்கரையை வரைந்தேன். மழையில் நனைந்த ஊர்ஜனம் வரிசையாகக் கரைமேல் நிற்கிறது. எல்லாரும் நம் பக்கம் இருக்கிற தண்ணீரைப் பார்க்கிறார்கள். தண்ணீர் படத்தில் இல்லை. அது படிக்கிறவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்க்கிறார். மாசிலாமணியால் வயல் காய்ந்துபோன ஒருத்தி, சந்தோஷப்பட வந்தவள், சந்தோஷப்பட முடியாமல் நிற்கிறாள். அவன் மனைவி மட்டும் கரையிலிருந்து ஓரடி கீழே இறங்கிவிட்டாள். மாசிலாமணி எங்கும் இல்லை.

படம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிற மாதிரி இல்லை. எழுதியவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. மை காய்ந்ததும் தென்னேரிக்கு எடுத்துப்போனேன். வேதாசலம் கடைப் பலகையில் வைத்துப் பார்த்தார். உரம் வாங்க வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பிறகு தன்னிடமிருந்த கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து, உடலைக் கரைக்குக் கொண்டுவருகிற கடைசிப் பத்தியைப் பேனாவால் அடித்தார்.

"இதுக்குக் கீழ நான் அழுகை வெச்சேன்னா அசிங்கமா இருக்கும்" என்றார். அன்றே பத்திரிகைக்குப் போன் செய்து அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். கடைசி வரி இப்போது, எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று முடிந்தது.

என் படத்துக்காகத் தன் வரியை வெட்டிக்கொண்ட எழுத்தாளரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் அதிகம் பார்த்ததில்லை. அவர் கதையை நான் மாற்றச் சொன்னபோது மறுத்தார். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்து கொண்டுபோய் வைத்தபோது அவராகவே மாற்றினார். இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டேன். பத்திரிகைப் பெரியவர் படம் கிடைத்ததும் பாய் கடைக்குப் போன் செய்து, இது எப்படித் தோன்றியது என்று கேட்டார். பாம்பு என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு, வேதாசலத்துக்கும் அழைப்பு. பயந்துகொண்டேதான் போனேன். பந்தி முடிந்து வெளியே வரும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள். உள்ளே கையை விட்டால் புத்தகம் இருந்தது. அந்த வாரத்து இதழ் இல்லை, முந்தின வாரத்து இதழ். மாசிலாமணி மில் படியில் நின்றுகொண்டு ஊரையே அதட்டுகிற படம். தெய்வானையம்மாள் தேர்ந்தெடுத்ததாம். அந்த வாரம் சட்டை நன்றாக இருந்தது என்றார்.

சம்பந்தி வீட்டார் நடுவில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். வில்லன் நான்தான் என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாத்தா தொடர்கதையை விடாமல் படித்தவர் போலிருக்கிறது. கடைமடைக்கு ஏன் தண்ணீர் விடவில்லை என்று ஏகாம்பரத்தோடு மெய்யாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வேதாசலத்தைப் பார்த்ததும் ஏகாம்பரம் அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். வேதாசலம் கொஞ்சம் வெளிறித்தான் போயிருந்தார்.

"வூட்ல படிச்சிச் சொன்னாங்க. மொதல்லேந்து இன்னிக்கி வந்த கடசி வரைக்கும்" என்றார் ஏகாம்பரம். "எல்லாரும் தண்ணியப் பாத்துக்கினு நிக்கிறாங்க. பொணம் கெடச்சிதுன்னு நீ எழுதலியே?"

எழுதவில்லை என்று வேதாசலம் ஒப்புக்கொண்டார்.

"அப்ப எதுக்கு முற்றும்னு போட்ட?"

வேதாசலம் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். ஏகாம்பரத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அவர் அப்படி எதையோ மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.